முதல் மடக்கு

அண்ணன் கொடுப்பதைக் குடிப்பதுதான் அவன் தொழில். இதுவும் ஒரு தொழிலா என்று கேட்கத் தோன்றும். காலையில் அந்த மூலிகை வைத்தியசாலைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கடைத்தெருவின் கோடியில், பூட்டுக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நீளமாக ஒரே அறை. வாசல் பக்கம் பெஞ்சுகள். பெஞ்சு நிறையச் சிறுநீரகக்காரர்கள். கல் வந்தவர்கள், கல் கரைந்துவிட்டதாக நம்புகிறவர்கள், காலையில் எழுந்தால் முகம் உப்பிக்கொள்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் மிஷின் என்று சொன்னதைக் கேட்டு அங்கிருந்து தப்பித்து வந்தவர்கள். உள்ளே மேசை. மேசைக்குப் பின்னால் வைத்தியரான அண்ணன். பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி உயரமான ஒரு முக்காலி. அதில் தம்பி. அவர்களுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கைகழுவும் தொட்டி. அதற்கும் பின்னால் அடுப்படி.

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை வேர், மாவிலங்கப் பட்டை. நான்கையும் இடித்து எட்டுக்கொன்றாகச் சுண்டக் காய்ச்சினால் கறுப்பாக ஒரு கஷாயம் வரும். எட்டிக்காயே தேவலை என்று சொல்ல வைக்கும் கசப்பு. அதை அவரவர் கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றுவார்கள். பிறகு அவரவர் கண்ணெதிரே, அதே பாட்டிலில் இருந்து ஒரு மடக்கைச் சின்ன டம்ளரில் சாய்த்துத் தம்பி குடிப்பான். அதன் பிறகுதான் பாட்டில் கைமாறும். பொதுவாக ஒரு பானையில் குடித்துக் காட்டினால் ஆகாது. தன் பாட்டிலில் குடித்ததைத் தான் பார்த்தால்தான் நோயாளிக்கு மனசு ஆறும்.

கடை தொடங்கிய புதிதில், வேறெங்கோ யாரோ கஷாயம் குடித்துச் செத்துப்போனதாக ஒரு பேச்சு கிளம்பி, இந்தக் கடைப்பக்கமும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்போது அண்ணன் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. "என் கூடப்பொறந்தவன் குடிச்ச பிறகு நீங்க குடிங்க" என்றார். அதற்குமேல் எவன் சந்தேகப்படுவான்? "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று வந்தவர்களிடம் சொல்லி, தம்பியின் முதுகில் ஒரு தட்டும் தட்டுவார். அந்தத் தட்டுக்காகவே அவன் இன்னொரு டம்ளர் குடித்திருப்பான். படிப்பு ஏறவில்லை, வியாபாரம் ஒட்டவில்லை. முகம் சுளிக்காமல் கசப்பை விழுங்க மட்டும் வந்தது. அதுவே அவன் வித்தையாயிற்று. எல்லாரும் அவனை மடக்கு என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் சொந்தப் பேரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த வருஷமோ என்னவோ, சந்தேகம் பிடித்த ஒரு ஆள், "வாயிலயே அடக்கி வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டார். மடக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கணம் தம்பியையே உற்றுப் பார்த்தார். பிறகு வழக்கம்போல முதுகில் தட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் வாயைத் திறந்து காட்டுவது கடையின் வழக்கமாகிவிட்டது. அதை வேடிக்கை பார்க்கவே ஆள் கூடியது. கூடியவர்களில் பாதிப்பேருக்குத் தங்களுக்கும் இடுப்பு வலிக்கிற மாதிரி இருந்தது.

அவன் மனைவிக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. அவள் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைப்பவள். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள். "ஓசின்னா பினாயிலக்கூட குடிப்பீங்க" என்பாள்.

"போடி. எல்லாருக்கும் கிட்னி போனாலும் எனக்குப் போகாது. நான் குடிக்கிற மருந்துக்கு என் கிட்னி இந்நேரம் இரும்பாயிருக்கும்" என்பான் அவன்.

வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினான். சொல்லப்போனால் அந்தக் கடையில் அந்த மருந்தை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

நடுவில் மூக்கிரட்டை வேர் சரியாகக் கிடைக்காமல் போயிற்று. மொத்த வியாபாரி துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்த ஏதோ ஒரு வேரை மூட்டையில் அனுப்ப ஆரம்பித்தான். அடுப்படி வேலையும் மடக்குதான் பார்த்தான். கொதிக்கும்போது வாசனை மாறியிருந்தது அவனுக்குத் தெரிந்தது. நாக்கின் அடியில் புதிதாக ஒரு அரிப்பும் தெரிந்தது.

"அண்ணே, இது அந்த வேருதானா?" என்று ஒருமுறை கேட்டான்.

"மண்ணு மாறினா வாசனை மாறும். நீ காய்ச்சு" என்றார் அண்ணன்.

மடக்கு காய்ச்சினான். காய்ச்சியதைக் குடித்தான். வருஷக்கணக்கில் குடித்தான்.

முதலில் செருப்பு இறுகியது. வாரைத் தளர்த்திக்கொண்டான். பிறகு காலையில் கண்ணிமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. தூக்கம் பத்தவில்லை என்றான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் காலைப் பார்த்தே வியாதி எந்த மட்டில் இருக்கிறதென்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் காலைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்தபோதும் அவன் செய்தது என்ன தெரியுமா? முக்காலியை விட்டு இறங்கும்போது பானையில் மிச்சமிருப்பதில் கூட இரண்டு மடக்கு குடித்தான். வைத்தியம் பார்த்துக்கொள்கிறானாம். அடுப்பில் விழுந்தவன் குளிருகிறதென்று விறகைத் தள்ளிக்கொண்ட மாதிரி.

ஒருநாள் படியேறும்போது மூச்சுக் கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டான். மனைவி யாரையும் கேட்கவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா அவன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. குடிச்சுக் காட்டுறதுதான் வேலை."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவி விளக்கினாள். கேட்கக் கேட்க டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் குடிப்பீங்க?"

"முப்பது நாப்பது பேரு வருவாங்க."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு" என்றான் மடக்கு. கடையை விட்டுக்கொடுக்காமல் பேசுவதாக அவனுக்கு நினைப்பு.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "மத்தவங்க கொஞ்ச நாள் குடிச்சிட்டு விட்டிருப்பாங்க. நீங்க எல்லாரோட மருந்தையும் சேர்த்து ஒருத்தராவே குடிச்சிருக்கீங்க" என்றாள் டாக்டரம்மா. "நல்ல மூலிகைக்கே அளவு இருக்கு. சில வேர் கிட்னியையே அரிச்சிடும். உங்களுக்கு ரெண்டும் சுருங்கிப்போச்சு. இனிமே வாரத்துல மூணு நாள் மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். கூடப்பொறந்தவங்க யாராவது ஒண்ணு குடுத்தா மாத்தி வைக்கலாம். வேற வழி இல்ல."

"எனக்கு அண்ணன் இருக்காரு" என்றான் மடக்கு. அவ்வளவு நிம்மதியாக அவன் சொன்னதைக் கேட்டு மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது ஒரு கேள்வி.

"ஒவ்வொரு தடவையும் நிஜமாவா முழுங்கினே?"

"பின்னே?"

அண்ணன் எழுந்து பச்சைத் திரையை ஒதுக்கித் தொட்டியைக் காட்டினார். "இது எதுக்குன்னு நினைச்சே?"

"டம்ளர் கழுவ."

"டம்ளர் கழுவ அடுப்படியில குழாய் இருக்கே. வாயில வெச்சிருந்து, கழுவுற சாக்குல உள்ள வந்து துப்பிட்டுப் போறதுக்குத்தாண்டா இதைக் கட்டினேன். இதையெல்லாம் ஒருத்தன் வாயால சொல்லிக்குடுப்பானா? எந்த மடையனுக்கும் தானா புரியும்."

மடக்கு தொட்டியையே பார்த்தான். வெள்ளைப் பீங்கான். இத்தனை வருஷமும் அதைத் தேய்த்துக் கழுவி வெள்ளையாகவே வைத்திருந்தவன் அவன்.

"நான் வாயைத் திறந்து காட்டினேனே அண்ணே. அன்னைக்காவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"கூட்டம் கூடிச்சு. நீயும் சந்தோஷமாத்தான் குடிச்சே. மருந்துதானே, விஷமான்னு விட்டுட்டேன்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க ஒரு மடக்காவது குடிச்சிருக்கீங்களா மாமா?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்குக் கசப்பு ஆகாதும்மா" என்றார் அவர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கிட்னிய எடுத்துக்கோடா. ரெண்டு இருக்கு, ஒண்ணு உனக்கு. போதுமா?"

மடக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மன்னித்துவிட்டான். மன்னிக்க அவ்வளவு அவசரம் அவனுக்கு. மனைவிதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "தாயும் பிள்ளையும் ஒண்ணானாலும் வாயும் வயிறும் வேற. பாத்துக்கிட்டே இருங்க."

மிஷின் அறையில் வரிசையாகக் கட்டில்கள். இரண்டாம் தடவை போனபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அவனைக் கூர்ந்து பார்த்தார். தையல்காரர். ஒருகாலத்தில் கடைக்கு வந்து பாட்டில் பாட்டிலாக வாங்கிப்போனவர்.

"மடக்குதானே நீ? இங்க என்ன பண்றே?"

"சொந்தக்காரரைப் பாக்க வந்தேன்" என்றான் மடக்கு. கையில் இரண்டு ஊசி குத்தி, இரண்டு குழாயில் அவன் ரத்தம் போய்வந்துகொண்டிருந்தது.

தையல்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை. உடம்பு குலுங்கி மிஷின் கூவ, நர்ஸ் ஓடிவந்து அதட்டிவிட்டுப் போனாள். சிரித்து முடித்தபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"டாக்டர் அப்பவே மிஷினுக்கு வரச் சொன்னாங்க. நான் உன் வாயைப் பாத்துட்டு, அதெல்லாம் வேண்டாம்னு வீட்டுல உக்காந்துட்டேன். உன் வாயைத்தான் நம்பினேன். ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. உங்க அண்ணன் முழுசா ஆயிட்டாரு போலிருக்கு."

"வெளியில சொல்லிடாதீங்க" என்றான் மடக்கு.

"சொன்னா யாரைப் பாத்துச் சிரிப்பாங்க? உன்னையா, என்னையா? நான் சொல்ல மாட்டேன்." தையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மடக்கு அன்று முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தன் வாய் எத்தனை பேரை அந்தக் கட்டில்களுக்கு அனுப்பியிருக்கும் என்ற நினைப்பு முதல்முறையாக வந்தது. வந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அண்ணனின் கிட்னியை நினைத்துக்கொண்டான். சாகப்போகிறவனுக்குப் பிறத்தியான் கணக்கு எதற்கு?

பரிசோதனையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் எல்லாம் பொருந்தியது. "இந்த வயசுல இவ்வளவு நல்ல கிட்னி அபூர்வம். பச்சைப்பிள்ளை கிட்னி மாதிரி இருக்கு" என்றாள் டாக்டரம்மா. அண்ணன் பெருமையோடு தலையாட்டினார். பிறகு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆபரேஷன்னா நான் படுத்து எழுந்திருக்க எப்படியும் சில வாரம் ஆகும்கிறாங்க. அதுவரைக்கும் கடை? நீ முக்காலிய விட்டு இறங்கின நாளா வர்றவன் எல்லாம் மடக்கு எங்கே, மடக்கு எங்கேங்கிறான். மூலிகை பறிக்கப் போயிருக்கான்னு எத்தனை நாள் சொல்றது? பாதிக் கூட்டம் போயிடுச்சு. முக்காலியில ஒரு ஆளை உக்கார வெச்சு, கடை பழையபடி ஓடறதைக் கண்ணால பாத்துட்டேன்னா அடுத்த நாளே வந்து படுத்துடறேன்."

"யாரை உக்கார வெக்கிறது?"

"வெளியாள் வந்தா நாளைக்குக் கதை வெளியில போயிடும். நம்ம வீட்டு ஆளாத்தான் இருக்கணும். உன் பொண்டாட்டி உக்காரட்டும்."

மடக்கு சட்டென்று நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"டேய், அவளை முழுங்கவா சொல்றேன்? அவ உன்னை மாதிரி இல்ல, புத்திசாலி. வாயில வெச்சிருந்து உள்ள போய்த் துப்பட்டும். பொம்பளைய யாரும் வாயைத் திறந்து காட்டுன்னு கேக்க மாட்டாங்க."

அன்றிரவு அவன் மனைவியிடம் சொல்ல வாயெடுத்து மூன்று தடவை வேறு ஏதோ பேசினான். கடைசியில் சொன்னபோது அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் அவனுக்கும் ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"உங்களுக்கு இதுல சம்மதமா?" என்று மட்டும் கேட்டாள்.

"துப்பத்தானே போறே" என்றான்.

"சம்மதமான்னு கேட்டேன்."

"எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து, வாயில் ஒரு மடக்கை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கன்னம் உப்பாமல், தொண்டை மட்டும் விழுங்கியதுபோல் ஏறி இறங்க வேண்டும். நான்கைந்து தடவையில் வந்துவிட்டது. மடக்கு பார்த்துக்கொண்டிருந்தான். மிஷினில் படுப்பவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. அவன் பங்கு சாயங்காலமே தீர்ந்துபோயிருந்தது. அவள் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் போய்த் துப்பியபோது, அந்தத் தண்ணீருக்காக அவன் நாக்கு தவித்தது. அவளைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில் அவன் நினைத்தது அதைத்தான்.

அவள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முக்காலியில் ஏறினாள். மடக்குக்கு வரிசையைக் கூப்பிடும் வேலை. ஊசிக் கையை மறைக்க முழுக்கைச் சட்டை. "நீ குடிக்கலையா மடக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பல்லு பிடுங்கியிருக்கு" என்றான். எத்தனை பல் பிடுங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. அவள் ஒரு மடக்கை வாயில் வாங்குவாள், தொண்டை ஏறி இறங்கும், டம்ளரோடு திரைக்குப் பின்னால் போவாள், வருவாள். வெள்ளைத் தொட்டி முதல்முறையாகக் கறுத்தது. கூட்டம் மெல்லத் திரும்பியது. அண்ணன் ஆஸ்பத்திரியில் பேசி அடுத்த வாரத்தில் ஒரு தேதியும் வாங்கிவிட்டார். மடக்கு காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் வட்டமிட்டான். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனான்.

வாரம் முடிகிற அன்று ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். முகம் உப்பிய கணவனைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பாட்டிலை நீட்டினாள். முக்காலியில் இருந்தவள் ஒரு மடக்கை வாயில் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இரும்மா. எங்க போறே?" என்றாள் அந்தப் பெண். "வாயைத் திறந்து காட்டிட்டுப் போ."

அவள் நின்றாள். வாயில் மருந்து இருந்ததால் பேச முடியவில்லை.

"டம்ளர் கழுவப் போறாங்கம்மா" என்றார் அண்ணன்.

"டம்ளர் எங்க ஓடிப்போகுது? எங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன். இங்க குடிச்சிட்டு வாயைத் திறந்து, கன்னத்தை இழுத்துக் காட்டுவாங்கன்னு சொன்னாரு. என் வீட்டுக்காரர் உசிரு சமாச்சாரம். காட்டுனாத்தான் வாங்குவேன்."

பெஞ்சில் இருந்த இன்னொருவர் "ஆமா, மடக்கு காட்டுவாரே" என்றார். வேறொருவர், "இந்தம்மா ஒருநாளும் காட்டலையே" என்றார். கையில் பாட்டில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் நின்ற ஒருவர் செருப்பைத் தேடினார்.

அண்ணன் மடக்கைப் பார்த்தார். நீ ஆரம்பித்து வைத்தது, நீயே முடி என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவளும் மடக்கைத்தான் பார்த்தாள். வாயை இறுக மூடியிருந்தாள். உதட்டோரம் கறுப்பாக ஒரு கோடு கசிந்தது.

உண்மையைச் சொல்ல அவனுக்கு இரண்டு வார்த்தை போதும். சட்டைக் கையை மேலே சுருட்டினாலே போதும், வார்த்தைகூட வேண்டாம். கடை அன்றோடு மூடியிருக்கும். பெஞ்சில் சாய்ந்திருந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். அவள் திரைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு, பட்டன் தைக்கத் திரும்பிப் போயிருப்பாள். காலண்டரில் வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும். மடக்கு அந்த வட்டத்தை நினைத்தான். உயிர்மேல் ஆசை வந்துவிட்டால் மனுஷன் எவ்வளவு கேவலமாகிவிடுகிறான் என்பது அவனுக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் செய்தான்.

"முழுங்கிட்டுத் தொறந்து காட்டு" என்றான்.

அவள் கண்ணை மூடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். தொண்டை இந்த முறை நிஜமாகவே ஏறி இறங்கியது; நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் அந்தக் கடையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள்.

"கன்னத்தை இழு."

இரண்டு பக்கமும் விரலை விட்டு இழுத்தாள். அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, அங்கேயே கணவனின் வாயில் ஊற்றினாள். செருப்பைத் தேடியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆளும் வாயைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கடுத்த ஆளும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளே திறந்தாள்.

மத்தியானத்துக்குள் கதை கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. மடக்கின் பெண்டாட்டியும் அவனைப் போலவே அசல் ஆளாம். சாயங்காலம் வரிசை சைக்கிள் கடையைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் நின்றது. அண்ணன் வாசலுக்கு வந்து அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தம்பியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கூட்டத்தைப் பாத்தியாடா? நீ இருந்தப்பக்கூட இப்படி இல்ல. இதை விட்டுட்டு அடுத்த வாரம் எப்படிப் போய்ப் படுக்கிறது? கொஞ்சம் அடங்கட்டும். அடுத்த மாசம் பாக்கலாம். மிஷின்தான் இருக்கே, உனக்கு ஒண்ணும் ஆகாது."

"அண்ணே, தேதி வாங்கியிருக்கு" என்றான் மடக்கு.

"தேதி எங்க போயிடப் போகுது?" என்று சொல்லி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் முக்காலி அங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கையில் அடுத்த டம்ளர் நிரம்பியிருந்தது. எழுந்து போகவில்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அண்ணன் மேசையில் விரலால் தட்டினார்.

மடக்கு வாசல் பக்கம் திரும்பினான்.

"அடுத்தவங்க வாங்க" என்றான்.

ஒரு கிழவர் வந்து பாட்டிலை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் டம்ளரை வாயில் கவிழ்த்து விழுங்கினாள். வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னம் இரண்டையும் விரலால் இழுத்தாள். உள்ளே எல்லாம் கறுத்திருந்தது. கிழவர் அவளுக்கு எதிரே நின்று எட்டி எட்டிப் பார்த்தும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் வாயை அவர் பக்கம் திருப்பவில்லை. வாசலிலிருந்து திரும்பிய புருஷனுக்கு நேராகவே திறந்து வைத்திருந்தாள், அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும்.